ஒற்றைக் காலில் நின்ற வகுப்பு

கண்டியிலிருந்து தெல்தோட்டைக்குப் போகும் பஸ்ஸில் நான் கண்டக்டராக இருந்தேன். அந்தப் பாதையில் நேரான இடம் என்று சொல்லிக்கொள்ள அதிகம் கிடையாது. ஒரு வளைவு முடிவதற்குள் அடுத்தது வந்துவிடும். பயணிகள் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வார்கள். நான் எதையும் பிடிக்காமல் நடுவில் நின்று டிக்கட் கிழித்தபடி, பின் சீட்டில் இருப்பவரோடு அரசியல் பேசிக்கொண்டிருப்பேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. கல்யாணமான புதிதில் மனைவியை அந்த பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனபோது, அவள் பார்க்க வேண்டும் என்பதற்காகவே தேவையில்லாமல் முன்னுக்கும் பின்னுக்கும் நடந்தேன். அவள் வாந்தி வருகிறது என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அப்படிப்பட்ட நான் ஒருநாள், கலஹா தாண்டி ஒரு சாதாரண வளைவில், முன்பின் தெரியாத ஒரு அம்மாவின் மடியில் போய் உட்கார்ந்துவிட்டேன். மடியில் ஏற்கெனவே ஒரு கோவா, அதாவது முட்டைக்கோஸ், இருந்தது. கோவாவுக்கு ஒன்றும் ஆகவில்லை.

"காலையிலேயே ஏத்திட்டு வந்துட்டியாப்பா?" என்று அந்த அம்மா கேட்டார். பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன். எழுந்திருக்கப் பார்த்தால் இடது கால் என்னுடையது போலவே இல்லை. யாரோ ஒருவருடைய காலை என்னிடம் கொடுத்துவிட்டு, கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள், இதோ வருகிறேன் என்று போய்விட்ட மாதிரி இருந்தது.

அது ஒரு தடவையோடு நிற்கவில்லை. நடக்கும்போது பாதம் தரையில் உரசியது. விரல் நுனிகளில் எறும்பு ஓடியது. அதற்கு முந்தைய வருடம் வலது கண் மங்கிப்போய், கொஞ்ச நாளில் தானாகத் தெளிந்திருந்தது. அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கும் என்று யாருக்குத் தெரியும்? கண்டி மஹய்யாவயில் எங்கள் வீட்டு வாசலில் நான் சுவரைப் பிடித்துக்கொண்டு தள்ளாடி வந்ததைப் பார்த்த மனைவி, உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள்.

"வாய ஊதுங்க."

ஊதினேன்.

"மறுபடி ஊதுங்க."

மறுபடியும் ஊதினேன். அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "குடிச்சிருந்தாகூட பரவால்லன்னு இருக்கு எனக்கு" என்றாள். எங்கள் குடும்பச் சரித்திரத்தில் அவள் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்தது அன்று மட்டும்தான்.

பிறகு ஆஸ்பத்திரி, ஸ்கேன், முதுகில் ஊசி. கடைசியில் டாக்டர் எங்கள் இரண்டு பேரையும் உட்காரவைத்து, இதற்குப் பெயர் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்றார். நரம்புகளைச் சுற்றி ஓர் உறை இருக்கிறதாம். உடம்பே அதை எதிரி என்று தவறாக நினைத்து அரித்துவிடுகிறதாம். அதனால் மூளை சொல்வது காலுக்கு ஒழுங்காகப் போய்ச் சேருவதில்லை. முற்றாகக் குணமாக்க மருந்து கிடையாது. மேலும் மோசமாகாமல் இழுத்துப் பிடிக்க மருந்து உண்டு. என் மனைவி இது ஒட்டுமா என்று கேட்டாள். ஒட்டாது என்றார். நான் மறுபடி பஸ்ஸில் போகலாமா என்று கேட்டேன். "தாராளமாகப் போகலாம், சீட்டில் உட்கார்ந்து" என்றார்.

டிப்போவில் நல்ல மனதோடு என்னை டைம்கீப்பராக்கினார்கள். பஸ் ஸ்டாண்டில் கூண்டு மாதிரி ஓர் அறை. பஸ்கள் வரும் நேரம், போகும் நேரம் எழுத வேண்டும். நான் உட்கார்ந்திருக்க, மற்ற எல்லாம் போய் வந்தன.

ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சி சொல்லிக்கொடுப்பார்கள். ஆனால் அங்கே போய்ச் சேருவதற்குள் என் பலம் முழுக்கத் தீர்ந்துவிடும். பயிற்சி செய்ய மிச்சம் ஒன்றும் இருக்காது. அங்கிருந்த சிகிச்சையாளர்தான், இந்த நோய் உள்ளவர்களுக்கென்றே போனில் ஒரு வகுப்பு நடக்கிறது, தமிழிலேயே நடக்கிறது என்று சொன்னார். யாழ்ப்பாணத்தில் பிறந்து லண்டனில் வேலை செய்யும் ஒரு பிசியோதெரபிஸ்ட், தன் மதியச் சாப்பாட்டு நேரத்தில் இலவசமாக எடுக்கும் வகுப்பு. நமக்கு அது சாயந்தரம்.

"போன பாத்து கால தூக்குனா நரம்பு சரியாயிருமா?" என்று மனைவியிடம் கேட்டேன்.

"சரியாவாது. ஆனா பாத்ரூம் போறப்ப என் தோள புடிக்காம போவலாமில்ல?"

மறுநாள் சாயந்தரம் போனை ரைஸ் குக்கர் மேல் சாய்த்து வைத்து உட்கார்ந்தோம். திரையில் சின்னச் சின்னப் பெட்டிகளில் ஆட்கள். வவுனியாவில் ஒரு தம்பி, மட்டக்களப்பில் ஒரு டீச்சர், கனடாவில் அப்போதுதான் விடிந்து போர்வையோடு வந்திருந்த ஒருவர். குண்டசாலையிலிருந்து ஓர் அக்கா. குண்டசாலை என்றதும் எனக்குச் சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி இருந்தது. இவ்வளவு தூரத்து மனிதர்களுக்கு நடுவே ஒருவர், பஸ் ஏறினால் போய்விடக்கூடிய இடத்தில் இருக்கிறாரே!

"அண்ணா, வணக்கம்" என்றார் வகுப்பெடுக்கும் லண்டன் தங்கச்சி. "எனக்கு உங்கட வயிறு மட்டும்தான் தெரியுது. போனைக் கொஞ்சம் நிமித்துங்கோ."

"அதுதாங்க என்கிட்ட நல்லா வேல செய்யுது" என்றேன். குண்டசாலை அக்கா மட்டும் சத்தமாகச் சிரித்தார்.

முதல் வகுப்பிலேயே பாஷை இடித்தது. நான் எழுந்து நின்றதும் லண்டன் தங்கச்சி, "வடிவா நிக்கிறியள் அண்ணா, நல்ல வடிவு" என்றார். வடிவு என்றால் எனக்குத் தெரிந்து அழகு. மனைவி ரைஸ் குக்கருக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். "யாரு அது? என்னா சொல்றாங்க?" ஒழுங்காக நிற்கிறேன் என்பதைத்தான் அவர் அப்படிச் சொல்கிறார் என்று புரிந்துகொள்ள எனக்கு இரண்டு வகுப்பு பிடித்தது. மனைவியிடம் அதை நான் அவசரப்பட்டு விளக்கவில்லை.

அடுத்த பிரச்சினை கதிரை. வகுப்புக்கு ஆடாத, வழுக்காத கதிரை வேண்டும். எங்கள் வீட்டில் இருந்தவை எல்லாம் பிளாஸ்டிக். உட்கார்ந்து எழும்பும் பயிற்சியில் நான் ஒரு பக்கம் எழ, கதிரை இன்னொரு பக்கம் போனது. "உந்தக் கதிரை சரிவராது அண்ணா, விழுந்துபோவியள்" என்றார் தங்கச்சி. மனைவி முன்பள்ளியில் படிப்பிக்கிறாள். அங்கிருந்து ஒரு மரக் கதிரை கொண்டுவந்தாள். ஆடவில்லை, வழுக்கவில்லை. ஆனால் அது நாலு வயதுப் பிள்ளைகள் உட்காரும் கதிரை. முழங்கால் என் தாடையில் இடித்தது.

இதைக் கேள்விப்பட்ட என் பழைய டிரைவர், கழித்துப்போட்ட பஸ்ஸிலிருந்து ஒரு சீட்டைக் கேட்டு வாங்கி, கனமான பலகையில் போல்ட் அடித்துக் கொண்டுவந்து இறக்கினார். இரண்டு பேர் உட்காரும் சீட். எங்கள் முன்னறையில் பாதியை அது பிடித்துக்கொண்டது. முன்னால் ஒரு கம்பி கூட இருந்தது, பிடித்து எழும்ப. வகுப்பில் எல்லோருக்கும் அதைப் பார்க்க ஒரே சந்தோஷம். மனைவி அன்றிலிருந்து ஜன்னல் பக்கத்து இடத்தில் உட்கார்ந்து என்னோடு சேர்ந்து பயிற்சி செய்யத் தொடங்கினாள். அவளுக்கு ஒரு நோயும் கிடையாது. "முட்டி வலிக்குது எனக்கும்" என்றாள். ஒரு மாதத்தில் என்னைவிட நன்றாகச் செய்தாள். அது எனக்குக் கொஞ்சம் எரிச்சல்.

இந்த நோய்க்குச் சூடு ஆகாது. உடம்பு சூடானால் கண் மங்கும், கால் கனக்கும். அதனால் கழுத்தில் குளிர்ச்சியாக ஏதாவது வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். பக்கத்துக் கடையில் பிள்ளைகள் உறிஞ்சுகிற ஐஸ் பக்கட் வாங்கித் துணியில் சுற்றிக் கழுத்தில் வைத்தோம். வகுப்பு முடியும்போது அது சரியான பதத்தில் உருகியிருக்கும். நுனியைக் கடித்துக் குடித்துவிடுவேன். சிவப்பு நிறம்தான் எனக்குப் பிடிக்கும். மருத்துவத்தில் இதைவிட இனிப்பான முறை இருக்கும் என்று நான் நம்பவில்லை.

பயிற்சிகள் பார்க்கச் சின்னவை. குதிகாலைத் தூக்கி இறக்குவது, சுவர் ஓரமாகக் கோடு பிடித்து நடப்பது, நின்றபடி தலையை மட்டும் திருப்புவது. தலையைத் திருப்பினால் நான் விழப் பார்ப்பேன் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் அடித்திருப்பேன். மலைப்பாதையில் நின்றவன் வீட்டு முன்னறையில் நிற்க முடியாமல் தடுமாறினேன். அந்தக் கோபத்தில் ஒருநாள், தங்கச்சி பத்து போதும் என்ற இடத்தில் நான் முப்பது செய்தேன். வியர்த்து ஊற்றியது. வகுப்பு முடிந்த பிறகும் செய்தேன். அடுத்த நாள் கட்டிலிலிருந்து எழும்ப முடியவில்லை. அதற்கடுத்த நாளும் முடியவில்லை. கரண்டி தூக்கக் கை வரவில்லை.

விஷயம் லண்டனுக்குப் போனது. போட்டுக்கொடுத்தது யார் என்று சொல்லத் தேவையில்லை, முட்டி வலிக்காரிதான்.

"அண்ணா, இது வீரம் காட்டுற வருத்தம் இல்லை" என்றார் தங்கச்சி. வருத்தம் என்றால் அவர்களுக்கு நோய். குரலில் சிரிப்பே இல்லை. "களைக்க முதல் நிப்பாட்டோணும். களைச்ச பிறகு நிப்பாட்டினால் பிந்திப்போச்சு. எல்லாத்தையும் ஆறுதலாச் செய்யுங்கோ."

ஆறுதல் என்றால் எங்கள் ஊரில் துக்கத்துக்குச் சொல்வது. அவர்கள் ஊரில் மெதுவாக, நிதானமாக என்று அர்த்தம். அன்று எனக்கு இரண்டும் தேவையாக இருந்தன.

அதற்குப் பிறகு ஒழுங்கான மாணவனாக இருந்தேன். இரண்டு மூன்று மாதத்தில், சொன்ன மாதிரியே, சுவரை மட்டும் தொட்டுக்கொண்டு பாத்ரூம் போய்வந்தேன். மனைவியின் தோளுக்கு ஓய்வு கிடைத்தது. வீட்டில் அது ஒரு திருநாள் மாதிரி இருந்தது. வெளியே போய் யாரிடமும் சொல்லிக்கொள்ளக்கூடிய செய்திதான் இல்லை.

ஒருநாள் வகுப்பில் எல்லோரையும் கம்பியையோ கதிரையையோ பிடித்து ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார் தங்கச்சி. "வடிவா நில்லுங்கோ, நான் சொல்லும் மட்டும் காலை இறக்க வேண்டாம்" என்றார். அதோடு அவர் படம் அப்படியே உறைந்துவிட்டது. வாய் திறந்தபடி, கை மேலே தூக்கியபடி. லண்டனில் லைன் போய்விட்டது.

யாரும் காலை இறக்கவில்லை. சொல்லும் மட்டும் இறக்க வேண்டாம் என்றாரே! பெட்டி பெட்டியாக எல்லோரும் கொக்கு மாதிரி நிற்கிறோம். மட்டக்களப்பு டீச்சரின் முகம் சிவக்கிறது. கனடாக்காரரின் போர்வை நழுவுகிறது. வவுனியாத் தம்பி மெதுவாக, "இப்ப என்ன செய்யிறது?" என்று கேட்டார்.

அப்போது என்னையும் அறியாமல் என் தொண்டையிலிருந்து பழைய குரல் வந்தது. கண்டி பஸ் ஸ்டாண்டின் அந்தக் கோடி வரை கேட்கும் குரல். "எறக்குங்க, எறக்குங்க, கால எறக்குங்க! எல்லாரும் ஒக்காருங்க, எடம் இருக்கு! மூச்ச விடுங்க! ம், எந்திரிங்க, இப்ப மத்த கால். கம்பிய புடிச்சிக்கங்க, வளைவு வருது! கனடா அய்யா, போர்வைய பொறவு எடுக்கலாம், மொதல்ல கால பாருங்க! குண்டசாலை அக்கா, உங்க காலே தெரியலியே, தூக்கிட்டீங்களா?"

"தூக்கிட்டேன், தூக்கிட்டேன்!" என்றார் அக்கா. அவருடைய பெட்டியில் எப்போதும் முகமும் தோளும்தான் தெரியும்.

தங்கச்சி திரும்பி வந்தபோது நான் எல்லோரையும் தலையைத் திருப்பும் பயிற்சிவரை கூட்டிக்கொண்டு போயிருந்தேன். அவர் கொஞ்சநேரமாகக் கேட்டுக்கொண்டிருந்தாராம். முடிவில், "ஓம், இனிக் கடைசிப் பத்து நிமிஷம் அண்ணாதான் எடுக்கோணும், நான் என்ர சாப்பாட்டைச் சாப்பிடப்போறன்" என்றார். அப்படியே ஆயிற்று. நான் எண்ணுவதும் அதட்டுவதும் மட்டும்தான். என்ன செய்யவேண்டும் என்பதை அவர் முதலே சொல்லித்தந்துவிடுவார்.

நான் தலைகால் புரியாமல் நடந்துகொண்டிருந்த அந்தக் காலத்தில்தான் நோய் மறுபடி ஒரு தட்டு தட்டியது. ஒரு காலையில் இடுப்புக்குக் கீழே மரத்துப்போயிருந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்து ஊசி ஏற்றினார்கள். வீட்டுக்கு வந்தபோது கொஞ்சம் கொஞ்சமாக உணர்ச்சி திரும்பியது, ஆனால் நிற்க முடியவில்லை. மாதக்கணக்கில் சேர்த்த எல்லாம் போய்விட்டது. வகுப்பு நேரம் வந்தால் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மனைவி தனியாக பஸ் சீட்டில் உட்கார்ந்து எழும்பிக்கொண்டிருந்தாள். அவளைப் பார்க்கவும் பிடிக்கவில்லை.

அப்படி இருந்த ஒரு நாள் போன் அடித்தது. குண்டசாலை அக்கா.

"தம்பி, உங்க பொட்டி காலியா கெடக்கு. என்ன விஷயம்?"

"என்னால நிக்க முடியலக்கா. எல்லாரும் நிக்கிறப்ப நான் மட்டும் ஒக்காந்துகிட்டு என்னத்த செய்ய?"

அக்கா சிரித்தார். "ஏன் தம்பி, நான் நின்னு எப்பயாவது பாத்திருக்கீங்களா?"

யோசித்தேன். பார்த்ததில்லை.

"நான் வீல் செயார்ல இருக்கேன் தம்பி. மொதல் நாள்ல இருந்தே. எல்லாம் ஒக்காந்துதான் செய்றேன். லண்டன் பிள்ளைக்கு தெரியும். உங்களுக்குத்தான் தெரியாது."

"அன்னிக்கு கால தூக்குங்கன்னு கத்துனேனே? தூக்கிட்டேன்னு சொன்னீங்களே!"

"பின்ன? அவ்வளவு பெரிய சத்தத்துல ஒரு மனுசன் கேட்டா இல்லன்னா சொல்ல முடியும்? மனசுக்குள்ள தூக்குனேன்."

நான் சிரிக்கத் தொடங்கினேன். சிரிப்பு பாதியில் வேறு மாதிரி ஆகிவிட்டது. மனைவி வந்து போனை வாங்கி, "அக்கா, அவரு இப்ப பேசமாட்டாரு, நாளைக்கு வகுப்புக்கு வருவாரு" என்று சொல்லி வைத்தாள். அடுத்த நாள் போனேன். உட்கார்ந்தே செய்தேன். கடைசிப் பத்து நிமிஷமும் உட்கார்ந்தே கத்தினேன். சத்தம் குறையவில்லை என்று எல்லோரும் சொன்னார்கள்.

கைத்தடியோடு மறுபடி நடக்க முடிந்ததும், அக்காவைப் பார்க்க குண்டசாலைக்குப் போவதென்று முடிவு செய்தோம். த்ரீவீலரில் போகலாம் என்றாள் மனைவி. நான் பஸ்ஸில்தான் போவேன் என்று அடம்பிடித்தேன். கண்டக்டர் வேலையை விட்டபிறகு நான் பஸ்ஸே ஏறவில்லை. கண்டக்டர் என்னைத் தெரிந்தவர். ஏறியதுமே முன் சீட்டில் இருந்தவரை எழுப்பி, "இருங்க அண்ணே" என்றார். உட்கார்ந்தேன். டிக்கட்டுக்குக் காசு நீட்டினேன். அவர் வாங்காமல் போனது எனக்குப் பெரிய மரியாதையாக இருந்தது, மனைவி அதை அனுதாபம் என்றாள். வழி நெடுக அதைப் பற்றி மெதுவாகச் சண்டை போட்டுக்கொண்டே போனோம்.

குண்டசாலையில் இறங்குகிற இடத்தில்தான் கால் பழையபடி கனத்தது. வெயில் நேரம். படியில் ஒரு பாதத்தை வைத்துவிட்டேன், மறு பாதம் வர மறுத்தது. பின்னால் ஆட்கள், முன்னால் ரோடு, டிரைவர் ஹார்ன் அடிக்கிறார். எத்தனை பேரை நான் இதே படியில் "கெதியா எறங்குங்க" என்று விரட்டியிருக்கிறேன்! மனைவி கீழே நின்றபடி, லண்டன் தங்கச்சியின் குரலிலேயே, "ஆறுதலா, ஆறுதலா, வடிவா வாங்கோ" என்றாள். அந்த யாழ்ப்பாணத் தமிழ் அவள் வாயில் வந்த விதத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததில் உடம்பு தளர்ந்து, கால் தானாக இறங்கியது.

அக்கா வாசலிலேயே வீல் செயாரில் காத்திருந்தார். திரையில் பார்த்ததைவிட நரைத்திருந்தார். சுவரில் மாதா படம், மேசையில் பட்டர் கேக். வங்கியில் வேலை செய்து ஓய்வு பெற்றவர், தனியாக இருக்கிறார், காலையில் ஒரு பெண் வந்து உதவிவிட்டுப் போவார். "நீங்க இவ்வளவு ஒசரம்னு நெனைக்கல தம்பி. கத்துறத வச்சு குட்டையான ஆளுன்னு நெனச்சேன்" என்றார்.

அன்று வகுப்புக்கு இரண்டு பேரும் ஒரே பெட்டியில் போனோம். தங்கச்சி சாப்பாட்டுக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். "ஐயோ, ரெண்டு பேரும் ஒரே இடத்திலயோ!" என்று ஒன்றும் நடத்தாமல் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, அக்கா ரொம்ப நாளாகத் தொடையைப் பலப்படுத்திவருகிறார், இரண்டு பக்கமும் ஆள் இருந்தால் இன்று ஒருமுறை எழும்பிப் பார்க்கலாம் என்றார். குசினிக்குப் போய், பாத்திரம் கழுவும் தொட்டியின் விளிம்பை அக்கா பிடித்துக்கொண்டார். ஒரு பக்கம் மனைவி. மறு பக்கம் நான், என் கைத்தடியோடு. என்னை நம்பி ஒருவர் எழும்புவது எனக்கே பயமாக இருந்தது. தங்கச்சி எண்ணினார். அக்கா எழுந்தார்.

குசினி ஜன்னலுக்கு வெளியே ஒரு கொய்யா மரம் இருந்தது. அக்கா அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். "ஜன்னல்ல இவ்வளவு தூசி இருக்கா! காலையில வர்ற புள்ள மேலால தொடைக்கிறதே இல்ல" என்றார். போனுக்குள்ளிருந்து மட்டக்களப்பு டீச்சர் கை தட்டினார். கனடாக்காரர் மூக்கைச் சிந்தினார். "போதும், என்ன கொடிக்கம்பமா நான்? ஒக்கார வைங்க" என்றார் அக்கா.

திரும்பி வரும்போது த்ரீவீலரில் வந்தோம். அதில் நான் சண்டை போடவில்லை.

அடுத்த தீபாவளிக்கு அக்காவை எங்கள் வீட்டுக்குக் கூப்பிட்டோம். கூப்பிட்ட பிறகுதான் ரோட்டிலிருந்து வீட்டுக்கு இறங்கும் படிகள் நினைவுக்கு வந்தன. என் பழைய டிரைவரும் அக்கம்பக்கத்து ஆண்கள் மூன்று பேருமாக வீல் செயாரோடு அவரைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். தேர் வருவது போல ஜனங்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். அக்காவுக்குக் கொஞ்சமும் கூச்சமில்லை. இரண்டு பக்கமும் பார்த்துக் கையசைத்துக்கொண்டே வந்தார். நடுவில் ஒரு படியில் டிரைவர் மூச்சு வாங்க, "மெதுவாப்பா, களைக்க முந்தி நிப்பாட்டணும்" என்று அக்கா அவருக்கே பாடம் எடுத்தார்.

நான் கீழே வாசலில் கைத்தடியை ஊன்றி நின்று, இடது பக்கம் எடுங்க, வலது பக்கம் எடுங்க என்று சொல்லிக்கொண்டிருந்தேன். யாரும் என் பேச்சைக் கேட்கவில்லை. அக்கா சொன்னதைத்தான் கேட்டார்கள்.